கள்ளுக்கடையைக் கட்டியவர் யார்?

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்பெறும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று 'மதுவின் தீமைகள்' என்பது. ஆசிரியர் கரும்பலகையில் ஐந்து குறிப்புகளைத் தருவார். உடல்நலம் கெடும், பொருள் அழியும், குடும்பம் சிதையும், மானம் போகும், நாடு நலியும். மாணவர்கள் அக்குறிப்புகளுக்கு முன்னுரையும் முடிவுரையும் சேர்த்து எழுதி முடிப்பர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எமக்குக் கற்பிக்கப்பெற்ற முறையும் இதுவே. பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் யானும் இம்முறையிற் சிறிதும் வழுவாது நடந்துவந்தேன்.

ஒரு நாள், தோட்டத்துப் பிள்ளையான ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஐந்து குறிப்புகளும் பிழையின்றி இருந்தன. ஆனால் முடிவுரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வினா இருந்தது. "எங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே கள்ளுக்கடை இருந்தது என்று தாத்தா சொன்னார். அந்தக் கள்ளுக்கடையைக் கட்டியவர் யார் ஐயா?" என்று அவன் எழுதியிருந்தான். அவனுடைய தந்தை குடிப்பவர் என்பதை யான் அறிவேன். அவனும் அதனை அறிவான். யான் அறிவேன் என்பதையும் அவன் அறிவான். ஆயினும் அவன் தந்தையைக் குறை கூறி எழுதவில்லை. கடையைப் பற்றிக் கேட்டிருந்தான்.

அன்று என்னிடம் விடையில்லை. 'முடிவுரை இல்லை' எனச் சிவப்பு மையால் எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்துக் கொடுத்துவிட்டேன். அந்தச் சிவப்பு மை இன்றளவும் என் நெஞ்சில் உலரவில்லை. அவ்வினாவிற்குக் காலந்தாழ்த்தித் தரும் விடையே இக்கட்டுரை.

வள்ளுவர் வைத்த இடம்

குடியைக் கடிந்துரைப்பது தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 93-ஆவது அதிகாரமாகும். இங்கு ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வள்ளுவர் இவ்வதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்திலர், பொருட்பாலில் வைத்தார். இதற்கு முன்னே வரைவின் மகளிரும் பின்னே சூதும் நிற்கின்றன. கள் என்பது தனி மனிதனின் ஒழுக்கக்கேடு மட்டுமன்று. பொருளோடும் ஆட்சியோடும் வாழ்வின் வரவு செலவோடும் பின்னிக் கிடப்பது என்னும் தெளிவு இவ்வைப்பு முறையிலேயே அமைந்திருக்கக் காண்கிறோம். நம் பள்ளிக் கட்டுரைகளோ கள்ளை ஒழுக்கப் பாடமாக மட்டுமே கருதி வந்துள்ளன.

சங்க காலத் தமிழர் கள்ளுண்டனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. மன்னனும் புலவனும் வீரனும் கள்ளைப் பகிர்ந்துண்ட செய்திகளைப் புறநானூறு காட்டும். ஆயின் விழாவிலும் விருந்திலும் உண்டது வேறு. நாள்தோறும் மாலையில் கூலியின் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கியுண்டது வேறு. முன்னையது பண்பாட்டின் பகுதி. பின்னையது ஓர் ஏற்பாட்டின் பகுதி. அவ்வேற்பாட்டின் தொடக்கத்தை அறிய நம் பேராக் மாநிலத்து ஈய வயல்களுக்குச் செல்ல வேண்டும்.

ஈயமும் அபினியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாருட்டிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயம் தோண்டச் சீனத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் வந்தனர். வெயிலிலும் சேற்றிலும் நின்று உழைத்த அவர்தம் உடல் வலிக்கும் மன வலிக்கும் மருந்தெனக் கிடைத்தது அபினி. சுரங்க முதலாளிகள் பலர் தொழிலாளர்க்கு அரிசியையும் அபினியையும் தாமே கடனாக விற்றனர். விலையை அவர்களே வைத்தனர். கணக்கையும் அவர்களே எழுதினர். ஈயத்தின் விலை வீழ்ந்த காலத்தும் அபினி விற்பனையில் ஆதாயம் வந்தது. தொழிலாளி ஒரு கையால் வாங்கிய கூலியை மறு கையால் திருப்பித் தந்துகொண்டிருந்தான்.

அரசாங்கமும் இதில் விலகி நிற்கவில்லை. அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்டிற்று. நீரிணைக் குடியேற்றங்களில் சில ஆண்டுகளில் அரசாங்க வருவாயின் பாதியையே அபினி தந்தது. எதிர்ப்பு வலுத்தபோது 1907-இல் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பெற்றது. அதன் பின்னர், 1910-ஆம் ஆண்டு தொடங்கி, குத்தகை முறை நீங்கி அரசாங்கமே அபினியை விற்கும் முறை வந்தது. குத்தகைக்காரர் போனார், அபினி போகவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னரே அது முற்றாகத் தடை செய்யப்பெற்றது.

இதனை எதிர்த்தெழுந்த முதற் குரல்களுள் ஒன்று நம் ஈப்போ நகரில் ஒலித்தது. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற டாக்டர் வூ லியன் டே, 1906-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நீரிணைக் குடியேற்றங்களையும் மலாய் மாநிலங்களையும் சேர்ந்த அபினி எதிர்ப்பாளர்களை ஈப்போவில் கூட்டி மாநாடு நடத்தினார். இவரே பின்னர் 1910, 1911-ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பரவிய கொடிய கொள்ளை நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர். 1937-இல் சீனத்தினின்று மீண்ட அவர் ஈப்போவிலேயே மருத்துவமனை அமைத்துத் தொண்டாற்றினார். நாள்தோறும் நாம் நடந்து செல்லும் தெருக்களில் இத்தகைய வரலாறு மறைந்து கிடக்கிறது. நம் மாணவர் எத்தனை பேர் இதனை அறிவர்?

இரப்பரும் கள்ளும்

ஈயத்திற்கு அபினி எவ்வாறோ, இரப்பருக்குக் கள் அவ்வாறு ஆயிற்று. 1877-இல் கோலக்கங்சாரில் ஆங்கில ஆட்சிப் பேராளரின் தோட்டத்தில் நடப்பெற்ற சில கன்றுகளின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலம் முழுதும் பரவின. காட்டையழிக்கவும் மரம் வெட்டவும் பால் எடுக்கவும் தமிழகத்தினின்று நம் முன்னோர் கொண்டுவரப்பெற்றனர். ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் திரட்டுவது 1910-இல் நிறுத்தப்பெற்றது. அதன் பின் கங்காணி முறையே முதன்மை பெற்றது. 1920-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசும் பெண்ணுக்கு நாற்பது காசும் கூலி எனப் பல இடங்களில் வரையறுத்தனர். 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அது முறையே நாற்பதும் முப்பத்திரண்டுமாகக் குறைந்தது.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையில் நண்பகல்வரை பால் வெட்டி, வாளி சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்து ஊற்றிய பின்னர், மாலைப் பொழுதில் அத்தொழிலாளிக்குத் தோட்டத்தில் என்ன இருந்தது? நூலகம் இல்லை. படம் இல்லை. பட்டணம் தொலைவில். லயத்தின் அறையோ ஒரு குடும்பம் கால் நீட்டிப் படுக்கப் போதாதது. தோட்டத்தினுள்ளே அவனுக்கென்று திறந்திருந்த பொது இடங்கள் இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று கள்ளுக்கடை. கோயில் கதவு விழா நாள்களில் விரியத் திறக்கும். கள்ளுக்கடைக் கதவு ஒவ்வொரு மாலையும் திறக்கும்.

கள்ளின் இயல்பை மாணவர் அறிதல் நன்று. தென்னையின் பாளையைச் சீவினால் இனிய நீர் சுரக்கும். அது இறங்கிய சில மணி நேரத்திலேயே காற்றிலுள்ள நொதிகளால் புளித்துப் போதையேறும். ஒரு நாள் கடந்தால் காடியாகும். ஆகவே கள்ளைச் சேமித்து வைத்தல் அரிது. இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். குடிப்பவனும் அன்றாடம் வந்தாக வேண்டும். அன்றாட விற்பனை என்பது அப்பொருளின் இயற்கையிலேயே அமைந்திருந்தது.

இக்கடைகள் ஒளிவு மறைவாக நடந்தவை அல்ல. நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. தோட்டங்களில் அரசாங்கத்தின் உரிமம் பெற்று நிர்வாகமே கடையை நடத்திற்று. இதற்கு நிர்வாகங்கள் கூறிய காரணங்கள் சில. தோட்டத்தில் கள் கிடையாவிடில் தொழிலாளி வெளியே சென்று நச்சுச் சாராயம் குடிப்பான் என்பது ஒன்று. கள்ளில் உடலுக்கு வேண்டிய சத்துண்டு என்பது மற்றொன்று. அளவோடும் மேற்பார்வையோடும் விற்பதால் கேடு குறையும் என்பது பிறிதொன்று. இவற்றுள் சிறிது உண்மை இல்லாமலில்லை; கள்ளச் சாராயம் கள்ளினும் கொடியதே. ஆனால் கூறப்படாத காரணமும் ஒன்றிருந்தது. கடனிலும் மயக்கத்திலும் இருப்பவன் தோட்டத்தை விட்டு எளிதில் போகான். கூலி உயர்வும் எளிதிற் கேளான்.

கள்ளு விற்ற ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்நிதியினின்று விழாச் செலவும் விளையாட்டுப் பொருள்களும் பிற வசதிகளும் வந்தன. யான் பயின்ற தோட்டப் பள்ளியில் பழைய மர அலமாரி ஒன்று இருந்தது. எனக்கு முந்திய தலைமுறையில் கள்ளு நிதியில் வாங்கப்பெற்ற அலமாரி அது எனப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனுள்ளேதான் பள்ளியின் திருக்குறள் இருந்தது. தந்தையர் குடித்த கள்ளின் ஆதாயத்தில் வாங்கிய அலமாரியைத் திறந்து, பிள்ளைகள் கள்ளுண்ணாமை அதிகாரத்தை எடுத்துப் படித்தார்கள். தொழிலாளியின் கூலியை எடுத்து, அதிற் சிறு பங்கை அவனுக்கே நன்கொடையாகத் திருப்பித் தந்து, அதற்கு நன்றியும் பெற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

இவ்வேற்பாட்டின் சுமையைச் சுமந்தவர் பெண்டிர். சம்பள நாளன்று என் பாட்டியும் அண்டை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி, கள்ளுக்கடைக்குப் போகும் செம்மண் பாதையின் திருப்பத்தில் காத்து நிற்பார்களாம். கடைக்குள் புகுமுன் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டால் அந்த மாத அரிசிக்கு வழியாகும். ஆடவர்க்கு நிகராகப் பால் வெட்டிக் குறைந்த கூலி பெற்றவர்களும் அவர்களே. ஆடவர் கூலிக்காகப் பாதையில் நின்றவர்களும் அவர்களே. வரலாற்று நூல்கள் துரைமார்களின் பெயர்களைப் பொறித்து வைத்துள்ளன. அந்தத் திருப்பத்தில் நின்றவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல.

விழித்தெழுந்த குரல்கள்

தமிழன் இயல்பிலேயே குடியன் என்று அந்நாளைய வெள்ளையர் சிலர் கூறினர். நம்மவரும் சிலர் அதனை நம்பினர். இன்றும் நம்புவோர் உளர். அக்கூற்றை வரலாறு மறுக்கிறது. ஏனெனில் கள்ளுக்கடையை மூடுங்கள் என்று கேட்டவர்களுள் முன்னின்றவர்கள் தொழிலாளர்களே.

1929-ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை பெரியார் ஈ.வெ. ராமசாமி, நாகம்மையாருடன் மலாயாவுக்கு வந்தார். அத்திங்களில் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் அவர் உரையாற்றினார். காங்கிரசில் இருந்த நாளில், 1921-இல், மதுவிலக்குக்காகத் தம் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டி வீழ்த்தியவர் அவர். ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னணியில் நின்றனர். அப்பயணத்தை அடுத்து வளர்ந்த சீர்திருத்தச் சங்கங்கள் சாதி ஒழிப்போடு குடி ஒழிப்பையும் கையிலெடுத்தன. 1906-இல் சீனர் கூடிய அதே ஈப்போவில், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துத் தமிழர் கூடினர். இரு சமூகங்களின் விழிப்புக்கும் ஒரே நகரம் களமாயிற்று.

1936-இல் மலாயா இந்தியர் மத்திய சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டின் இறுதியில் வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் தோட்டங்களைப் பார்வையிட்டு 1937-இல் அறிக்கை வெளியிட்டார். தோட்டக் கள்ளுக்கடைகளும் அவர்தம் ஆய்வுக்கு உட்பட்டன. அதே 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. இங்குள்ள தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பெற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. அங்கே அவன் பிறந்த ஊரில் கள்ளுக்கடை சட்டத்தால் மூடப்பட்டது. இங்கே அவன் பிழைக்க வந்த தோட்டத்தில் கள்ளுக்கடை சட்டத்தால் திறந்திருந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவி தந்து அனுப்பும் முறையைத் தடை செய்தது. அதன் பின் இங்கிருந்தவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பேச வேண்டியவராயினர்.

அவர்கள் பேசினர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளை நோக்குமின்: சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கூலியும் கல்வியும் மானமும் மதுவிலக்கும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதப்பெற்றிருந்தன. இவை நான்கும் ஒன்றே என்பதனை எழுத்தறிவு குறைந்த அத்தொழிலாளர் உணர்ந்திருந்தனர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பெற்றார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பெற்றார். கள்ளுக்கடைகள் திறந்தே இருந்தன.

போருக்குப் பின் கெடாவில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பார் தொண்டர் படை ஒன்றை அமைத்தார். சீருடையும் அணிவகுப்பும் கொண்ட அப்படையின் முதற் குறிக்கோள் கள்ளொழிப்பு. இளைஞர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடித்தவர்களை வன்மையாகத் தண்டித்ததும் உண்டு. அதனை நாம் புகழ வேண்டுவதில்லை. ஆயினும் அம்மறியலுக்குக் கிடைத்த மறுமொழி அதனினும் வன்மையானது. 1947-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங் வட்டாரத்தில் காவலர்க்கும் தொழிலாளர்க்கும் மோதல்கள் மூண்டன. தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் சிறை புகுந்தனர். ஒரு கள்ளுக்கடை திறந்திருக்க வேண்டும் என்பதற்காக அரசாங்கம் காவலரை அனுப்பிற்று. அது மூடப்பட வேண்டும் என்பதற்காகத் தமிழன் உயிர் கொடுத்தான். குடிப்பதுதான் நம் இயல்பு என்று இனி யாரேனும் கூறுவராயின், 1947 என்னும் ஆண்டை அவர்க்கு எடுத்துக் கூறுக.

பத்து வெள்ளியின் வரலாறு

எதிர்ப்பு ஒரு வழி. ஆக்கம் மற்றொரு வழி. ஆக்க வழிக்கு நம் மாநிலத்தின் சுங்கை சிப்புட் சான்றாகும். இவ்வூர் 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பெற்றதனால் உலகச் செய்தியாயிற்று; அதனையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பெற்றது. இவ்வூரிற் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் இங்கே மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பெற்றுத் தொழிலாளர் வீடிழந்த நாளில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்த்துப் பங்கு வாங்குக எனத் தொழிலாளரை வேண்டினார். வேலை செய்த தோட்டத்தையே அவர்கள் உடைமையாக்கிக்கொள்ளும் வழி அது.

அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்த கூலி பெற்ற குடும்பத்தில் மிச்சம் என்று ஒன்று இருக்குமாயின், அதற்குக் கள்ளுக்கடையும் போட்டியிட்டது, கூட்டுறவும் போட்டியிட்டது. எந்தெந்த வீட்டில் கூட்டுறவு வென்றதோ, அந்தந்த வீட்டுப் பிள்ளை பங்குடையவன் மகனாக வளர்ந்தான். குடியின் தீமையைச் சொல்லித் திருத்துவதைவிட, சேமிப்பதற்கு ஓர் இடத்தைக் காட்டித் திருத்துவது வலிமை மிக்கது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யான் அறிந்திலேன்.

தோட்டம் போயிற்று, போதை போகவில்லை

இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் வீழ்ந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. ஈப்போவைச் சுற்றிலும் தோட்டப் பெயர்கள் இன்று பேருந்து நிறுத்தங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. தோட்டக் கள்ளுக்கடைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆயின் மறைந்த இடத்தை வேறொன்று நிரப்பிற்று. சிறு புட்டிகளில் அடைத்த மலிவு விலைச் சம்சு மளிகைக் கடைகளிலேயே கிடைக்கலாயிற்று. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. சம்சுவிலோ அதனினும் பன்மடங்கு. கள் மாலையில் மட்டும் கிடைத்தது. சம்சுப் புட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எந்நேரமும் குடிக்கலாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதனை எதிர்த்துப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தது. மது வாங்குவதற்குரிய குறைந்த வயது 2017-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளினின்று 18-லிருந்து 21 ஆக உயர்த்தப்பெற்றது.

கள்ளத்தனமாகக் காய்ச்சிக் கலக்கும் சாராயத்தின் கேடு தனியே கூறத்தக்கது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் மியன்மார், நேப்பாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளினின்று வேலைக்கு வந்தோர். மெத்தனால் நிறத்தாலும் மணத்தாலும் வேறுபடுத்தி அறிய இயலாதது. ஈரல் அதனைப் பார்மிக் அமிலமாக மாற்றும். அவ்வமிலம் கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும். பின் உயிரையும் பறிக்கும். உடனே மருத்துவமனை சேர்த்தால் மாற்று மருந்துண்டு. மலிவு மது, தொலைவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளி, தங்குமிடத்தின் தனிமை: நூறாண்டுக்கு முன் நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று வேறொருவன் நிற்கின்றான். அவனை இகழ நமக்கு உரிமை இல்லை.

எழுபதுகளில் ஹெராயின் நம் நாட்டு இளைஞரைப் பற்றிற்று. 1975-இல் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பெற்றுக் கடத்தலுக்கு மரண தண்டனை இடம்பெற்றது. 1983 பிப்ரவரியில் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என அறிவிக்கப்பெற்றது. அதே ஆண்டில் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனையும் வந்தது. நாற்பதாண்டு கழித்து, 2023-இல், அக்கட்டாயம் நீக்கப்பெற்று நீதிபதியின் தேர்வுக்கு விடப்பெற்றது. இவ்விடைக்காலத்தில் ஹெராயினைப் பின்தள்ளிச் சியாபு என்னும் செயற்கைப் போதைப்பொருள் பரவிற்று. தூக்குக் கயிற்றின் அச்சம் மட்டும் ஒரு சமுதாயத்தைத் திருத்திவிடாது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

மருத்துவ அறிவும் வளர்ந்துள்ளது. புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக நிறுவனம் 1988-இலேயே மதுவைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது. எந்த அளவு மதுவும் கேடற்றது என்று கூறுவதற்கில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவுபடுத்திற்று. கள்ளில் சத்துண்டு என்ற பழைய வாதம் இதனால் முடிந்தது. குடி அடிமைத்தனம் நோயாகும், மானக்கேடு மட்டுமன்று என்னும் கருத்தும் நிலைபெற்றுவிட்டது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியினால் கணவரை இழந்த துயரினின்று மீண்டெழுந்து, 1980-இல் குடிநோயாளர்க்கென மறுவாழ்வு மையம் கண்டார். தம் இழப்பை மறைத்து வைக்காது பிறர்க்கு மருந்தாக்கிய தமிழ்ப் பெண்மணி அவர்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இனி அம்மாணவனின் வினாவுக்கு விடை கூறலாம். கள்ளுக்கடையைக் கட்டியவர் ஒருவரல்லர். உரிமம் தந்தது அரசாங்கம். சுவரெழுப்பியது நிர்வாகம். வழி காட்டியவர் கங்காணி. உள்ளே நுழைந்தவர் நம் முன்னோர். அதன் முன் மறியல் செய்து மாண்டவரும் நம் முன்னோரே. இவ்வனைவரையும் ஒருசேரக் கூறுவதே வரலாறு. முதல் மூவரை மட்டும் கூறினால் நம் பொறுப்பை மறந்தவராவோம். நான்காமவரை மட்டும் கூறினால் நம்மை நாமே இழிவு செய்தவராவோம். ஐந்தாமவரைக் கூறாது விட்டால் மாணவர்க்கு நம்பிக்கையளிக்க நம்மிடம் ஒன்றும் இராது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் யான் வேண்டுவன மூன்று. முதலாவது, 'மதுவின் தீமைகள்' என்னும் தலைப்பைத் தருமுன், வகுப்பில் யாருடைய தந்தை குடிப்பவர் என்பதை எண்ணிப் பாருங்கள். குடிகாரன் மனிதனல்லன் என்று ஒரு பிள்ளையைக் கொண்டு எழுதச் செய்வது, தன் தந்தை மனிதனல்லன் என்று எழுதச் செய்வதாகும். இரண்டாவது, கிள்ளானையும் பீடோங்கையும் ஈப்போ மாநாடுகளையும் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். தன் இனம் எழுந்து நின்ற செய்தியை அறிந்த மாணவன், தானும் எழுந்து நிற்கக் கூசமாட்டான். மூன்றாவது, மாலைப் பொழுதைக் கவனியுங்கள். அன்று தோட்டத்தில் மாலை நேரத்தைக் கள்ளுக்கடை எடுத்துக்கொண்டது. இன்று வீடமைப்புப் பகுதிகளில் அதே நேரத்தை எடுத்துக்கொள்ளக் காத்திருப்பவர் பலர். பந்து, பறை, நூல், நாடகம் என எதுவாயினும் ஆகுக. பள்ளி திறந்திருக்கும் மாலைகளின் எண்ணிக்கை கூடக் கூட, இழக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும்.

அம்மாணவன் இடைநிலைப் பள்ளியின் பாதியிலேயே படிப்பை விட்டான் என்று பின்னர் அறிந்தேன். தோட்டம் விற்கப்பெற்றபின் குடும்பம் எங்குச் சென்றது என்பதும் தெரியவில்லை. அவன் நலமாக இருப்பான் என்றே நம்ப விழைகிறேன். அன்று அவன் கேட்டது கேட்க வேண்டிய வினா. அதற்குரிய மதிப்பெண்ணை யான் தரவில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் இளைய ஆசிரியர் எவரேனும், முடிவுரைக்கு மாறாக வினாவோடு முடியும் ஓர் ஏட்டைத் திருத்த நேருமாயின், சிவப்பு மையை எடுக்குமுன் சற்றே நின்று, அப்பிள்ளையை அருகழைத்துப் பேசுவாராக.